வருவோர் பட்டியலில் இருபத்தாறு பேர்

டயர் கடையின் மாடிப்படிக்குக் கீழே ஆணியில் ஒரு தாள் தொங்கும். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாடி அறையில் நடக்கிற பாட்டுக்கு வரப்போகிறவர்கள் அதில் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிவிட்டுப் போகவேண்டும். நாற்காலிகள் வாடகைக்கு வருபவை. எத்தனை தலை என்று முன்னாலேயே தெரிந்தால்தான் அத்தனை இறக்கலாம். இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, டோக்கனக்கா அதில் கை வைக்கும் வரை.

டோக்கனக்கா என்பது சலவைக் கடையில் அவளுக்கு விழுந்த பெயர். வருகிற துணி ஒவ்வொன்றுக்கும் சின்னச் சீட்டில் தண்ணீரில் கரையாத மையால் எண்ணும் பெயரும் எழுதி, காலருக்கு உள்பக்கம் குத்தி அனுப்புவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே முக்காலி, அதே மை. என் சட்டை மாறிப்போயிற்று என்று ஒருவர்கூட வந்து சண்டை போட்டதில்லை.

மாடியில் பாடுகிறவள் பகலில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். கிட்டார் வாசிப்பது அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். பாட்டெல்லாம் அவர்களே கட்டியவை. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோக, உள்ளே மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பற்றி ஒரு பாட்டு. ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு வீட்டுக்குப் போய், புருஷனிடம் சண்டை போட முடியாமல் தவிக்கிறவளைப் பற்றி இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு முன் தன் புருஷனுடைய ஸ்கூட்டருக்கு டயர் மாற்றப் போன டோக்கனக்கா, மேலேயிருந்து இறங்கிவந்த அந்தக் குரலைக் கேட்டுப் படியேறினாள். அன்றிலிருந்து ஒரு மாதம் தவறவில்லை.

ஏன் என்று கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு சம்பவம் இருந்தது. ஒரு ஞாயிறு, கல்யாண உடுப்பு ஒன்றில் கறை போகாமல் இழுத்தடித்ததில், அவள் போய்ச் சேரும்போது நாலேகால். உள்ளே கிட்டார்காரர், சுருதி சேர்த்து முடித்த கிட்டாரையே திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். "அக்கா வந்தாச்சு. ஆரம்பிக்கலாமா?" என்றாள் பாடுகிறவள். அவ்வளவுதான். ஐம்பதாயிரம் பேர் கூடுகிற ஸ்டேடியத்தில் ஒருத்தி வராவிட்டால் யாருக்கு என்ன? இங்கே வருவதே ஒன்பது பேர்; அவள் வராவிட்டால் எட்டாகிவிடும். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அவள் வரட்டும் என்று எதையும் யாரும் நிறுத்திவைத்ததில்லை.

போன மாதம் பாட்டு முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கையில்தான் அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது.

"போதும்ங்க. அடுத்த மாசம் முப்பது பேர் வரலேன்னா நிறுத்திடலாம்" என்றாள் பாடுகிறவள்.

"முப்பது ரொம்ப ஓவர். இருபதுக்கு முடிச்சுக்கலாமா?" என்றார் கிட்டார்காரர்.

"விளையாடாதீங்க. எங்க அண்ணன் ஊர்லேர்ந்து போன் பண்றப்பல்லாம் எத்தனை பேர் வந்தாங்கன்னு கேக்குறார். ஒன்பதுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. நாப்பதுங்கறேன், அம்பதுங்கறேன். இப்படிப் பொய் சொல்லிக்கிட்டுப் பாடுறதுக்குப் பாடாமலே இருக்கலாம்."

டோக்கனக்காவின் கையிலிருந்த நாற்காலி மடங்க மறுத்தது. நிறுத்திவிட்டால்? மாதத்தின் மற்ற இருபத்தொன்பது நாளையும் அவள் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையே வேலையைத் தொடங்கினாள். கடையின் பின்னறையில், வருஷக்கணக்காக வாங்க ஆள் வராத துணிகள் ஒரு கம்பியில் தொங்கின. பெயர்களை அந்தச் சீட்டுகளிலிருந்து எடுத்தாள். இல்லாத பெயரை உண்டாக்குவதைவிட, வராத ஆளின் பெயரை எழுதுவது கொஞ்சம் சின்னப் பொய் என்று பட்டது. காலையில் கடைக்குப் போகும்போது மாடிப்படித் தாளில் இரண்டு, மாலையில் திரும்பும்போது ஒன்று. ஒன்றை நீல மையில் சாய்த்து எழுதினாள். ஒன்றைப் பச்சை மையில் உருட்டி உருட்டி எழுதி, 'இரண்டு பேர்' என்று போட்டாள். ஒன்றை இடது கையால் கிறுக்கினாள். பத்து நாளில் இருபத்தாறு ஆள் சேர்ந்தது. வழக்கமான ஒன்பதோடு முப்பத்தைந்து. அன்றைக்கு ஆள் வராவிட்டாலும், இத்தனை பேர் பெயர் எழுதினார்களே என்கிற தெம்பில் இன்னும் ஆறு மாதம் ஓட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள். வராததற்குக் காரணமா இல்லை? மழை, காய்ச்சல், விருந்தாளி.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை படிக்குக் கீழே புதுத் தாள் தொங்கியது. பாடுகிறவளின் கையெழுத்து. 'நண்பர்களே, இடம் போதாது என்பதால் இந்த முறை பக்கத்துத் தெரு நடனப் பள்ளியில். அறுபது நாற்காலி இருக்கிறது. எல்லோரும் வாங்க!!' இரண்டு ஆச்சரியக்குறி.

"பாத்தீங்களாக்கா, கூட்டம் அள்ளுது" என்றார் டயர் கடைக்காரர், டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே. "அந்தப் பொண்ணு நேத்து பட்டியலைப் பாத்துட்டு இங்கயே நின்னு அழுதுடுச்சு. உடனே அண்ணனுக்குப் போன். நீயே வந்து உன் கண்ணால பாருண்ணான்னு சொல்லுது. அவரும் வர்றாராம்."

டோக்கனக்கா விரல் விட்டு எண்ணினாள். இன்னும் பதின்மூன்று நாள்.

அந்தப் பதின்மூன்று நாளும் அவளுக்கு எதிராகவே கிளம்பின. அதே ஞாயிறு ஊர் ஸ்டேடியத்தில் பெரிய பாட்டுக் குழு ஒன்றின் நிகழ்ச்சி; உலகம் முழுக்கச் சுற்றி, கடைசியில் இங்கே வருகிறார்கள். கடைக்கு வந்த துணியில் பாதி அதற்கானது. ஜிகினா வைத்த சட்டை, முதுகில் குழுவின் படம் போட்ட மேல்சட்டை, ஞாயிறு மத்தியானத்துக்குள் வேண்டும் என்கிற கெடுபிடி. ஒவ்வொரு சீட்டும் எழுதும்போது, இவர் வரமாட்டார், இவரும் வரமாட்டார் என்று உள்ளே ஒரு எண்ணிக்கை ஓடியது.

"டோக்கனக்கா, ஞாயித்துக்கிழமை ஊரே காலி" என்றார் இஸ்திரி மாஸ்டர். "மூணு மணிக்கே கேட் திறக்குறான். நான் ரெண்டுக்கே போய் நிப்பேன்."

"ஏன் மாஸ்டர், அவ்வளவு தூரத்துல அவங்க முகமாவது தெரியுமா?"

"பெரிய திரை வெச்சிருக்கான்ல."

"திரையில பாக்குறதுக்கு வீட்டுலயே பாக்கலாமே?"

"வயித்தெரிச்சல்ல பேசாதீங்கக்கா, கையில இஸ்திரிப் பெட்டி இருக்கு. அம்பதாயிரம் பேரோட சேந்து நானும் கத்துறப்ப, நான் அம்பதாயிரம் பேரா ஆயிடுறேன். உங்களுக்கு அது புரியாது."

புரியத்தான் செய்தது. அதில் பத்துப் பேரை இரவல் தரமாட்டீர்களா என்று கேட்கத்தான் நாக்கு துடித்தது.

வீட்டில் மகளிடம் கேட்டாள். கல்லூரியில் முதல் வருஷம், அவளும் ஸ்டேடியத்துக்குத்தான். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உன் ஃபிரண்ட்ஸைக் கூட்டிக்கிட்டு வர்றியா? ஒரு மணி நேரம்தான். அப்புறம் நீங்க ஸ்டேடியத்துக்குப் போகலாம்."

மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்னம்மா இது புதுசா இருக்கு? மூணு வருஷமா ஒரு தடவை கூட என்னைக் கூப்பிட்டதில்லை."

"உனக்குப் பிடிக்காதுன்னு..."

"நானே ஒரு தடவை வரேன்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா? இடம் சின்னது, நாற்காலி இல்லேன்னு சொன்ன. அன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

டோக்கனக்காவுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு ஏழு பேர்.

"உனக்கு அவங்க பாட்டு பிடிக்கும், இல்லேங்கலை. ஆனா அது வேற யாருக்கும் தெரியாதுங்கறது அதைவிடப் பிடிக்கும். நாளைக்கே அவங்க பெரிய ஆளா ஆயிட்டா, முன்ன மாதிரி இல்லேன்னு முதல்ல சொல்றது நீதான்."

"வாயைப் பாரு" என்றாள் டோக்கனக்கா.

"எனக்கும் அதே சந்தேகம்தான்" என்றார் புருஷன், பேப்பருக்குப் பின்னாலிருந்து. பேப்பர் இறங்கவேயில்லை.

அந்தப் பேச்சு செருப்பில் மாட்டிய கல் மாதிரி கூடவே வந்தது. கடை முக்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். மூன்று வருஷம். ஒரு நாளைக்கு நாற்பது வாடிக்கையாளர். அவர்களில் ஒருவரிடமாவது, இப்படி ஒரு பாட்டு இருக்கிறது, வந்து கேளுங்கள் என்று அவள் வாயைத் திறந்ததுண்டா? இல்லை. உயிருள்ள ஒரு ஆளைக் கூப்பிடுவதைவிட, கம்பியில் தொங்குகிற இருபத்தாறு துணியைக் கூப்பிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

சரி, துணிக்காரர்களையே உண்மையாகக் கூப்பிட்டுவிட்டால்? பழைய ரசீதுப் புத்தகத்தில் போன் நம்பர்கள் இருந்தன. புதன்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதில் ஒரு ஆண் குரல்: "அந்தக் கோட்டா? கல்யாணத்துக்குத் தெச்சது மேடம். கல்யாணம் நின்னு போச்சு. நீங்களே போட்டுக்குங்க." பாட்டைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார். மூன்றாவது, பச்சை மையில் 'இரண்டு பேர்' என்று எழுதிய பெயர். ஒரு பெண் எடுத்தாள்.

"அவர் இல்லீங்களே. போன வருஷம் தவறிட்டார். நீங்க யாரு பேசுறது?"

டோக்கனக்கா ரசீதைக் கையால் மூடிக்கொண்டாள். "சலவைக் கடையிலேர்ந்து... அவரோட சட்டை ஒண்ணு இருக்கும்மா."

"சட்டையா?" அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம். "என்ன கலர்?"

கலரைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் மூன்று தடவை சொன்னார். போனை வைத்த பிறகு நாலாவது நம்பரைப் போட டோக்கனக்காவுக்குத் துணிவில்லை. போய்ச் சேர்ந்தவரையும் அவர் பெண்டாட்டியையும் பாட்டுக் கேட்க வருவதாக எழுதியிருக்கிறாள். இதற்கு மேல் தாங்காது.

வியாழக்கிழமை பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து துளைக்கிற மெஷினின் சத்தம் வந்தது; அவள் பல்லெல்லாம் கூசியது. கதவு திறந்து, முகமூடியோடு பாடுகிறவள் எட்டிப் பார்த்தாள். கண் மட்டும் சிரித்தது.

"அக்கா! பல் வலியா? அஞ்சு நிமிஷம் இருங்க, அடுத்தது உங்களை விடச் சொல்றேன்."

"பல் இல்லம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டியல்ல இருக்குற பேரெல்லாம் நான் எழுதினது."

"எதெல்லாம்?"

"நம்ம வழக்கமான ஆளுங்களை விட்டுட்டு மிச்சம் அத்தனையும். இருபத்தாறு."

கண்ணிலிருந்த சிரிப்பு எப்போது போயிற்று என்று தெரியவில்லை. "பச்சை மையில எழுதினவங்க?"

"நான்தான்."

"கிறுக்கலா ஒருத்தர்..."

"அதுவும் நான்தான். இடது கையால."

"பச்சை மைக்காரங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கும்னு நானும் அவரும் பேசிக்கிட்டோம்க்கா" என்றாள் பாடுகிறவள், முகமூடிக்குள் முணுமுணுப்பாக. "முதல் தடவையா வர்றாங்க, முன்வரிசையில உக்கார வெக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். கிறுக்கல்காரர் வயசானவரா இருப்பார், படியேற முடியாது, கீழ்த்தள ஹால்தான் நல்லதுன்னுதான் அந்த இடத்தையே பிடிச்சேன்."

டோக்கனக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "நீங்க நிறுத்திடுவீங்கன்னு பயந்து..."

"பஞ்சு கொண்டாம்மா!" என்று டாக்டர் உள்ளேயிருந்து கத்தினார். அவள் போனாள். மீன்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தன. திரும்பி வந்தவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அண்ணன் லீவு போட்டுட்டுக் கிளம்பியாச்சு. இனிமே ஹாலையும் மாத்த முடியாது. வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். நீங்க போய்ப் பண்ணியிருக்கீங்களே."

"நான் என்ன செய்யட்டும், சொல்லும்மா."

"ஒண்ணும் செய்யாதீங்க. செஞ்சதே போதும்." கதவு மூடிக்கொண்டது.

ஒன்றும் செய்யாதே என்றால் சும்மா இருக்கிற ரகமில்லை அவள். வெள்ளிக்கிழமை காலை முதல் வாடிக்கையாளர் சட்டைகளை மேசைமேல் கொட்டியதும், சீட்டை எழுதிக்கொண்டே சொன்னாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சார், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நடனப் பள்ளியில ஒரு பாட்டு இருக்கு. வாங்களேன்."

"யார் பாடுறா?"

"உங்களுக்குத் தெரியாது, சார்."

"தெரியாத ஆளோட பாட்டை எதுக்கு மேடம் நான் வந்து கேக்கணும்?"

மூன்று வருஷமாக மனசுக்குள் இருந்ததை முதல்முறையாக வெளியே சொல்லவேண்டியிருந்தது. "நீங்க வந்தா தெரியும் சார். வரலேன்னாலும் தெரியும். ஸ்டேடியத்துல அது நடக்காது. இங்க நீங்க கேக்குறதைப் பொறுத்து அந்தப் பொண்ணு பாடுறது மாறும்."

அவர் சிரித்துவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு போனார்.

"சொன்னது நல்லாத்தான் இருக்கு" என்றார் இஸ்திரி மாஸ்டர். "ஆனா இழவு சொல்ற மாதிரி சொல்றீங்களே. கொஞ்சம் சிரிச்சுக் கூப்பிடுங்கக்கா. பாட்டுக் கச்சேரிதானே?"

சிரித்துக் கூப்பிட்டாள். இரண்டு நாளில் எழுபத்தோரு பேர். பத்தொன்பது பேர் 'பாக்கலாம்' என்றார்கள். 'பாக்கலாம்' என்பவர்களில் எத்தனை பேர் வந்து பார்ப்பார்கள் என்பது பத்தொன்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா? செத்தவருடைய சட்டையை வாங்க வந்த அம்மாளிடம் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. துணியை மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஞாயிறு மூன்றரை மணி. நடனப் பள்ளியின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. காலியான அறுபது நாற்காலி கண்ணாடிக்குள் இன்னொரு அறுபதாகி, நூற்றிருபது காலி நாற்காலி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் பாடுகிறவளின் அண்ணன், மடியில் பயணப் பையோடு உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியிலும் ஒருவர் பார்த்தார்.

டோக்கனக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள். தெருவில் ஸ்டேடியம் போகிற பஸ்கள் வரிசையாகப் போயின. ஜன்னல்களுக்கு வெளியே கை ஆட்டிக்கொண்டு ஒரே கூச்சல். மூன்றே முக்காலுக்கு வழக்கமான எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். அவளுடைய புருஷன் வந்தார்; மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். மூன்று நர்ஸுகள் வந்தார்கள். மேல்சட்டைக் கறைக்காகப் போன வாரம் அவளோடு சண்டை போட்ட பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். டயர் கடைக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இஸ்திரி மாஸ்டரின் மனைவி தங்கையோடு வந்து, "அவருக்கு ஸ்டேடியம்க்கா. எனக்குக் கூட்டம்னாலே மூச்சு முட்டும். இங்க காத்தோட்டமா இருக்கும்னு சொன்னார்" என்றாள்.

காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. அண்ணனைச் சேர்க்காமல் பதினேழு பேர். அதில் அவளும் ஒன்று.

பாடுகிறவள் மேடைக்கு வந்தாள். வரிசைகளைப் பார்த்தாள், கண்ணாடியையும் பார்த்தாள். டோக்கனக்காவின் பக்கம் அவள் கண் வரவில்லை. "முப்பத்தஞ்சு பேர் வருவீங்கன்னு நினைச்சோம். பதினேழு பேர் வந்திருக்கீங்க. எல்லாரும் கொஞ்சம் முன்னாடி வந்துடுங்க, ப்ளீஸ்" என்றாள். நாற்காலிகள் தரையில் இழுபடுகிற சத்தம். யாரோ ஒரு நர்ஸ், டோக்கனக்கா எப்போதும் உட்காருகிற இரண்டாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். டோக்கனக்கா வாசலை விட்டு நகரவில்லை. அங்கிருந்து கிட்டார்காரரின் விரல்கள் தெரியவில்லை.

இரண்டாவது, லிஃப்ட் பாட்டு. உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்குகிற இடம் வந்ததும் வாத்தியார் பட்டென்று சிரித்துவிட்டார். நர்ஸுகளும் சிரித்தார்கள். பாடுகிறவள் திடுக்கிட்டாள். பழைய ஒன்பது பேரும் அந்த இடத்தில் சிரிப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் இருக்கும். சிரிப்பில் அடுத்த அடி அவளுக்கு மறந்துபோயிற்று. கிட்டார் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. டோக்கனக்காவின் வாய்க்குள் அந்த அடி வந்து நின்றது. ஆனால் அதற்குள் பாடுகிறவள் அந்த வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே புதிதாக ஒரு அடியைப் போட்டுப் பாடிவிட்டாள். மறுபடி சிரிப்பு. வாய்க்குள் நின்ற பழைய அடியை டோக்கனக்கா விழுங்கினாள். மகள் சொன்னது சரிதான். தன் வீட்டுப் பீரோவைத் திறந்து யாரோ பார்ப்பதுபோல் அவளுக்கு ஒரு பதைப்பு. கூடவே, அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்றும் இருந்தது.

முடிந்ததும் கை தட்டினார்கள். பெரிய ஹாலில் பதினேழு பேரின் கைதட்டல் மழை தொடங்குகிற மாதிரிதான் கேட்டது. அண்ணன் எழுந்தார்.

"பதினேழு பேர்தானா?"

"ஆமாண்ணா" என்றாள் பாடுகிறவள். "போன மாசம் ஒன்பது. அதுக்கு முந்தின மாசமும் ஒன்பது. உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய்."

அண்ணன் பையைக் கை மாற்றிக்கொண்டார். "ஒன்பது பேருக்கா மூணு வருஷம் பாடின?" என்றார். அது கேலியா வேறு எதுவுமா என்று வாசலிலிருந்து பிடிபடவில்லை. கிட்டார்காரர் குறுக்கே வந்து, "வாங்க மச்சான், முதல்ல ஒரு டீ குடிப்போம்" என்று அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

டோக்கனக்கா நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாள். சுவரில் எங்கும் அடுத்த மாதத்துக்கான தாள் மாட்டியிருக்கவில்லை. முப்பது என்று சொன்னவள். பதினேழு. போய்க் கேட்க அவளுக்கு முகமில்லை. பத்தாவது நாற்காலியை மடக்கும்போது இஸ்திரி மாஸ்டரின் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அடுத்தது எப்பக்கா? அவரையும் இழுத்துக்கிட்டு வரணும்."

"எனக்குத் தெரியலைம்மா."

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் அவங்க ஆளுன்னு அவர் சொன்னாரே."

"அவங்ககிட்டயே கேட்டுப் பாரு."

அவள் போனாள். டோக்கனக்கா நாற்காலியைப் பிடித்தபடி கண்ணாடியில் பார்த்தாள். மாஸ்டரின் மனைவி ஏதோ கேட்டாள். பாடுகிறவள் ஓரத்தில் அண்ணனோடு நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். பிறகு தலையைக் கொஞ்சம் ஆட்டினார். அது ஆமாமா இல்லையா? கண்ணாடியில் எல்லாமே இடம் வலமாகத் தெரிந்து தொலைத்தது. பாடுகிறவள் கைப்பையைக் குடைந்து ஒரு பேனாவை எடுத்தாள். தாள் இல்லைபோல. மாஸ்டரின் மனைவி உள்ளங்கையை நீட்டினாள்.

இனிமேல் இல்லை என்பதை யாரும் உள்ளங்கையில் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனாலும் டோக்கனக்கா மூச்சு விடவில்லை. பேனா ஒரு வரி எழுதியது. நின்றது. எழுதியவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். முதல் வரி தேதி என்றால் இரண்டாவது நேரமாகத்தான் இருக்கவேண்டும்.